டிசம்பர் மாதத்துப் பச்சை இலை

றைஹானா டீச்சர் மௌத்தான செய்தி வந்தபோது நான் கல்முனையில் ஒரு அச்சகத்தில் இருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய மரப்பெயர்ப் புத்தகத்தின் கடைசிப் படி மேசையில் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் நான் ஒப்பம் வைத்துக் கொடுத்தால் பின்னேரமே மெஷின் ஓடும். எல்லாப் பக்கத்திலும் வைத்துவிட்டேன். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க முடியாமல் அரை மணித்தியாலமாகப் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மேப்பிள் மரத்தின் பக்கம். அதில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்யை எழுதியவள் நான்.

அந்த நேரம் யாரோ இறந்த ஜனாஸா அறிவித்தலைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆட்டோ மெயின் வீதியால் வந்தது. சாய்ந்தமருதைச் சேர்ந்த மர்ஹூம் இன்னாரின் மகளும், சலீம் அவர்களின் அன்பு மனைவியும், இன்னாரின் சகோதரியுமானவர் வபாத்தாகிவிட்டார் என்று ஒலிபெருக்கி சொன்னது. சலீம் டீச்சரின் புருசன்; அண்ணன் முறையில் நான் காக்கா என்று அழைப்பவர். ஆட்டோ திரும்பிப் போகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டீச்சரின் பேர் மட்டும் வரவே இல்லை.

"என்ட றப்பே, ஒரு மரத்தக் கூடப் பேரில்லாம விடாத மனுசி, அவட பேரச் செல்ல இவங்களுக்கு வாய் வரல்லியா?" என்று அச்சகக்காரத் தம்பியைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பிள்ளை என்ன செய்வான்? எனக்கு முதலில் கோபம்தான் வரும், அழுகை பிறகுதான் வரும். என்னோடு படிப்பித்த எல்லோருக்கும் இது தெரியும்.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள், ஏச்சு வாங்கியவர்கள், ஒரே ஸ்டாஃப் ரூமில் அவரோடு தேத்தண்ணி குடித்தவர்கள் எல்லோருக்கும். மௌத்தானவரைப் பற்றி நல்லதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் அவரின் நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால் என்னுடைய கெட்டதையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்தப் புத்தகம் ஒரு தொப்பியால் வந்தது. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய தொப்பியை ஒரு பிள்ளை வகுப்புக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. தொப்பியில் சிவப்பு இலை. "இது என்ன மரத்துட இல, டீச்சர்?" மேப்பிள் என்றிருக்கிறார். "அந்தப் பேருக்குக் கருத்து என்ன? எங்கிருந்து வந்த பேர்?" டீச்சர் வகுப்பிலேயே நின்று, "எனக்குத் தெரியாது, கேட்டுச் செல்றன்" என்று சொல்லிவிட்டு இடைவேளைக்கு என்னிடம் வந்தார். நான் ஆங்கிலம் படிப்பித்தவள். தெரியாது என்ற சொல் என் வாயில் லேசில் வராது. "கூர்மை என்டு கருத்து. ரோமாபுரி ஆக்கள் அந்த மரத்துலதான் ஈட்டி செஞ்சாங்க. அதான் அந்தப் பேர்" என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னேன்.

"அது ஏசர் என்ட லத்தீன் பேருக்கில்லியா மச்சி? பிள்ள கேட்டது மேப்பிள் என்ட பேர" என்றார் டீச்சர். மச்சி என்றுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் அழைப்போம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் இருந்த அகராதியெல்லாம் புரட்டினேன். மேப்பிள் என்பது இங்கிலீசில் மிகப் பழைய சொல். அதற்கு முன் அது எங்கே இருந்தது, என்ன கருத்தில் இருந்தது என்று அறிந்தவர்களே ஒத்துப்போகவில்லை. லத்தீன் பேரிலும் இழுபறிதான். கூர்மை என்று சிலர், அது ஈட்டிக்காக என்று சிலர், இலையின் நுனிக்காக என்று சிலர். அடுத்த நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். டீச்சருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நேரே வகுப்புக்குப் போய், "பெரிய பெரிய ஆக்களுக்கும் சரியாத் தெரியாதாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் அன்றைக்குச் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது: "தெரியாது என்டு எழுத ஒரு வரி காணும் மச்சி. தெரிஞ்ச மாதிரி எழுதத்தான் ஒரு பக்கம் வேணும்."

நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு புத்தக வேலை தொடங்கியது. ஒரு மரத்துக்கு ஒரு காகித மட்டை. பேர், பேருக்குக் கருத்து, வந்த வழி, அடியில் இரண்டு கோடு. அந்த இரண்டு கோடும் சாட்சிகளுக்கு. அந்த மரத்தைக் கையால் தொட்டவர்கள், அந்தப் பேரால் அதை அழைத்தவர்கள் இரண்டு பேர் ஒப்பம் வைக்க வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மரத்துக்கு என்ன, நிக்காஹா நடக்குது?"

"ஓம். ரெண்டு சாட்சி இல்லாம ஒரு நிக்காஹ் இல்ல. பேர் மட்டும் எப்பிடி மச்சி?"

சிரிக்காமல்தான் சொன்னார். மருது மரத்துக்குச் சாட்சி தேடி மருதமுனைக்குப் போனபோது நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மரத்தின் பேரில் இருக்கிற ஊர்தானே, முதல் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும் என்று போனேன். நெசவு செய்துகொண்டிருந்த ஒருவர், "ஓம் ஓம், மருது தெரியும்" என்றார். "தொட்டிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார். மனிதர் தறியை நிற்பாட்டிவிட்டு யோசித்தார். "தொட்ட மாதிரித்தான் இரிக்கி" என்றார். டீச்சர் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த வெயிலில் நாங்கள் மூன்று ஒழுங்கை அலைந்தோம். கடைசியில் வயல் வேலைக்குப் போகிற இரண்டு பேர், வாய்க்கால் ஓரத்து மருதில் கட்டித்தான் மாட்டை நிழலுக்கு விடுகிறோம் என்று சொல்லி ஒப்பம் வைத்தார்கள். நான் பஸ்ஸில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு துண்டு இனிப்பு இஞ்சித் தோசியைத் தந்து என் வாயை அடைத்தார்.

மேப்பிளுக்கு முதல் சாட்சி பொத்துவிலில் கிடைத்தார். றம்ஸான் என்று ஒருவர், பல வருசம் கனடாவில் வேலை செய்துவிட்டு வந்து அறுகம்பேயில் வெளிநாட்டு ஆட்களுக்கு அறை விடுகிறார். அப்போதே டீச்சருக்குக் கால் வீக்கம் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் ஏறினார். "டீச்சர், அந்த இலய நான் கூட்டி அள்ளின மாதிரி ஒருத்தனும் அள்ளியிரிக்க மாட்டான்" என்று றம்ஸான் கதையைத் தொடங்கினார். எனக்கு அறைக்குள் புழுக்கம். வெளியே போய் நின்று, அலைமேல் ஏறி விளையாடுகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே டீச்சர் ஒரு மணித்தியாலம் கேட்டு எழுதினார். நான் அந்தக் கதையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பிடிபட்டிருக்க மாட்டேன், அல்லது பொய்யே எழுதியிருக்க மாட்டேன். எது என்று எனக்கு நிச்சயமில்லை.

பிறகு டீச்சரின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் நான்கு மணித்தியாலம் கிடக்க வேண்டும். போன வருசக் கடைசியில் எல்லா மட்டையும் முடிந்தது. மேப்பிளுக்கு மட்டும் இரண்டாம் கோடு வெறுமையாக நின்றது. அச்சகத்தில் தைப் பிறப்போடு நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் பாடசாலை வேலைகள் வந்துவிடும், பிறகு எப்போது என்று அல்லாஹ்தான் அறிவான். "அந்த ஒன்ட விட்டுட்டு அடிப்பம் மச்சி" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ள கேட்ட கேள்விக்குத்தானே நாம இவ்வளவு தூரம் வந்த? அத விட்டுட்டு மத்ததெல்லாம் ஆருக்கு?"

அவர் உசிரோடு இருக்கும்போதே அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை. என் மகள் நஸ்ரின் கனடாவில் இருக்கிறாள். டிசம்பர் லீவுக்கு வந்தாள். வரும்போது மேப்பிள் இலை கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். அவள் என்ன கொண்டு வந்தாள் தெரியுமா? மேப்பிள் இலை வடிவத்தில் ஒரு பெட்டி பிஸ்கட். "இலைதானே உம்மா கேட்டீங்க" என்று சிரித்தாள். அவளையே சாட்சி வைக்கலாம் என்று பார்த்தால், வீட்டு வாசலில் நிற்கிற மேப்பிளை ஒருநாளும் தொட்டதில்லை என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிஸ்கட்டில் ஒன்றையும் தொடவில்லை. அவள் திரும்பிப் போன அடுத்த நாள் மேப்பிள் மட்டையை எடுத்தேன். இரண்டாம் கோட்டில் என் பேரை எழுதி ஒப்பம் வைத்தேன். சாட்சிக் குறிப்பில் இப்படி எழுதினேன்: "டிசம்பரில் என் மகள் அங்குள்ள வீட்டு மரத்தில் பறித்துக் கொண்டு வந்த பச்சை இலையைக் கையால் தொட்டேன்."

எழுதும்போது பேனை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதில் ஓதப் போன இடத்திலேயே படித்தவள் நான். ஒரு இலைதானே, யாருக்கு நட்டம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சந்தோசம் மச்சி. அந்த இலயக் கொண்டாங்க, நானும் ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்."

"அலுமாரில வெச்சிரிக்கன். அடுத்த தரம் கொண்டு வாறன்."

அடுத்த தரம் போனேன். இலையைக் கேட்டார். மறந்துபோனேன் என்றேன். அதற்கு அடுத்த தரம் அலுமாரித் திறப்புச் சாவியைக் காணவில்லை என்றேன். பிறகு அவரின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அன்றைக்கு என்ன சாட்டுச் சொல்வது என்று தேடத் தொடங்கிவிடுவேன். சலீம் காக்கா வாசலில் நின்றால், டீச்சர் நித்திரையாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டு போவேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவள் கேட்கிற துஆவா அது?

வழி தெரியாமல் நஸ்ரினுக்கு அழைத்தேன். "மகள், நீ ஒன்டும் கேக்காத. உன்ட வீட்டு வாசல்ல நிக்கிற மேப்பிள்ல ஒரு பச்ச இலயப் பறிச்சு உடனே அனுப்பு. என்ன செலவெண்டாலும் காரியமில்ல."

"உம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா? இப்ப இஞ்ச ஒரு மரத்துலயும் இல இல்ல. எல்லாம் மொட்டையா நிக்கிது. கீழ முழங்கால் உயரத்துக்குப் பனி."

"ஒரு இல கூடவா இல்ல?"

"ஒன்டும் இல்ல உம்மா. நவம்பரோட எல்லாம் கொட்டி முடிஞ்சிரும். இனி மே மாசம்தான்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிப் படியில் இருந்துவிட்டேன். இந்தக் கரையில் பிறந்த எவளும் விடக்கூடிய பிழை அது. எங்களுக்கு டிசம்பர் என்றால் மாரி. வயலெல்லாம் பெரும்போகத்துப் பச்சை. மதிலில்கூடப் பாசி பிடித்துப் பச்சையாக நிற்கும். எல்லா மரமும் ஒரே நேரத்தில் வெறுமையாகும் ஒரு நாட்டை நான் படத்தில் பார்த்திருக்கிறேன், படிப்பித்தும் இருக்கிறேன். பேனையைப் பிடித்த நேரம் அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பொய்யைச் சொல்ல வந்தபோது என் கை என் ஊரைத்தான் எழுதியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததோ முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்த ஒருத்தியிடம்.

அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். நோயாளிதானே, மாத்திரை மயக்கத்தில் வாசித்திருப்பார் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

மௌத்தாவதற்கு இரண்டு நாளைக்கு முன் கடைசியாகப் போனேன். அஸர் தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தார். கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. அன்றைக்கு இலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நோய் வருத்தம் கூடியவர்களும் நெடும் பயணம் போகிறவர்களும் எல்லோரிடமும் பொருத்தம் என்று மன்னிப்புக் கேட்பார்கள். அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. அதைத்தான் கேட்டார். "மச்சி, மட்டைக்காக உங்களக் கனக்கக் கரச்சல் படுத்திட்டன். கடுமையாக் கதைச்சும் இரிப்பன். பொருந்திக்கங்க."

"அல்லாவே, நீங்க என்ன செஞ்ச? நீங்கதான் என்னப் பொருந்திக்கணும்" என்றேன்.

"எதுக்கு மச்சி?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் ஒழுங்கை முனைக்குப் போய்ச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். "சும்மா, பொதுவாத்தான் கேக்கன்" என்றேன்.

"பொதுப் பொருத்தம் என்டு ஒன்டு இல்ல மச்சி. செய்ததச் செல்லித்தான் கேக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று குசினிக்கு எழும்பிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அச்சகத்தில் அந்தக் காலை நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றது இதனால்தான். பின்னேரம் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு ஒப்பம் வைப்போமா, ஒப்பம் வைத்துவிட்டுப் போய்ச் சொல்வோமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லாமல் ஆட்டோ வந்தது. பேனையை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். டீச்சரின் மையத்து உடலைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. மெஷின் ஊசி ஏற்றி ஏற்றிக் கறுத்த கையில் என் கை பட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு சாட்டு.

மூன்றாம் நாள் சலீம் காக்கா மட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து தந்தார். "இத உங்கள்ட குடுக்கச் சொன்னா, தங்கச்சி" என்றார். அவர் போகும்வரை பொறுத்திருந்து கதவைச் சாத்திவிட்டு மேப்பிள் மட்டையைத் தேடி எடுத்தேன். முன்பக்கத்தில் றம்ஸானின் சாட்சி: "ஒக்டோபரில் சிவந்து கொட்டும். நவம்பருக்குப் பிறகு மரத்தில் ஒன்றும் மிஞ்சாது. கோடையில் பச்சை இலையும் தொட்டிருக்கிறேன்." அதற்குக் கீழே என் டிசம்பர். ஒரு விரல் இடைவெளிதான். மட்டையில் ஒப்பம் வைத்த நாளில் மேலே உள்ளதை வாசிக்கக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

மட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் அவரின் கையெழுத்து. நான் கொடுத்த அன்றைய தேதியே போட்டிருந்தது. மூன்று வரி.

"டிசம்பரில் பச்சை இலையா?
மச்சி தானாகச் சொல்லுவா.
அவசரப்படுத்தக் கூடாது."

கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் கிடந்த மனுசி, நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த மனுசி, என்னை அவசரப்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் இலையைக் கேட்டது என்னைப் பிடிப்பதற்கல்ல, எனக்கு வாசலைத் திறந்து விடுவதற்கு. நான் ஒவ்வொரு தரமும் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போய் மெஷினை ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். "டீச்சர், பேப்பர் வெட்டியாச்சு, இப்ப வந்து செல்றீங்களே" என்று அந்தத் தம்பி தலையில் கை வைத்தான். ஏசட்டும். படியில் இருந்த என் சாட்சி ஒப்பத்தையும் அந்த டிசம்பர் வரியையும் அவன் முன்னாலேயே பேனையால் வெட்டினேன். மே மாதம் நஸ்ரின் வீட்டு மரம் துளிர்க்குமாம். அவள் ஒரு இலையைப் பறித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாள். அதைத் தொட்ட பிறகுதான் இரண்டாம் கோட்டில் என் பேர் வரும். பேருக்குக் கருத்து என்ற இடத்தில் நாங்கள் முதல்நாள் எழுதியதே நிற்கும்: சரியாகத் தெரியாது. அதுவரை புத்தகம் கிடக்கும். அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றுதானே அவ்வளவு அவசரம். இனி எனக்கு என்ன அவசரம்?

டீச்சரின் பெட்டியில் மற்ற மட்டைகள் எல்லாம் அவர் படிப்பித்த பாடசாலைக்குப் போகும். அதை அவரே சொல்லி வைத்திருக்கிறார். மேப்பிள் மட்டை மட்டும் என்னிடம் இருக்கும். யாருக்கும் தர மாட்டேன்.

ஒலிபெருக்கியில் வராத பேரை இங்கே எழுதுகிறேன்: றைஹானா டீச்சர். மச்சி, பொதுவாகக் கேட்கக் கூடாது என்றீர்கள். நான் தொடாத இலையைத் தொட்டேன் என்று எழுதி, உங்கள் மட்டையில் பொய்ச் சாட்சி வைத்தேன். நீங்கள் கேட்ட ஒவ்வொரு தரமும் திரும்பவும் பொய் சொன்னேன். உங்களைத் தெரிந்த எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது பொருந்திக்கொள்ளுங்கள்.